ஒரே புத்தகத்துல ரெண்டு தடவை ஏமாந்த கதை

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த பதிவு இது. நாலு பத்தி எழுதுவேன், அஞ்சாவது பத்தில கை நின்னுடும், மூடி வச்சிடுவேன். நேத்து ராத்திரி உறையூர்ல கரண்ட் போச்சு. மொட்டை மாடில கொசுவோட மல்லுக்கட்டிக்கிட்டு உக்காந்திருந்தப்போ, இன்னிக்கு எப்படியும் முடிச்சிடணும்னு தோணிச்சு. முடிச்சிட்டேன்.

டிஸ்கி: இது ஒரு புத்தகத்தைப் பத்தின பதிவு. நடுநடுவுல கொசுவத்தி சுத்தும். ரெண்டு ஆம்பளைங்களுக்கு நடுவுல வர்ற காதலைப் பத்திப் படிக்கப் பிடிக்காதவங்க, போன வாரம் போட்ட மோர்க்குழம்பு பதிவுக்குப் போயிடலாம். கோவிச்சுக்க மாட்டேன் :-)

புத்தகம், ஆர். ராஜ் ராவ் எழுதின 'த பாய்ஃபிரண்ட்'. 2003ல பெங்குவின் வெளியீடு. ராஜ் ராவ் புனே பல்கலைக்கழகத்துல ஆங்கிலப் பேராசிரியரா இருந்தவர், கவிஞர். ரியாத் வாடியா 1996ல எடுத்த 'பாம்கே' படம் இவரோட கவிதைகளை வச்சுத்தான். இந்திய ஆங்கிலத்துல ஒளிவு மறைவு இல்லாம வந்த ஆரம்பகால கே நாவல்கள்ல ஒண்ணுன்னு இந்த பாய்ஃபிரண்டைச் சொல்லுவாங்க. அந்த மரியாதை அதுக்குக் கண்டிப்பா உண்டு. 377ஆவது பிரிவு முழுசா உயிரோட இருந்த காலத்துல, சொந்தப் பேரைப் போட்டு இப்படி ஒரு நாவல் எழுத நெஞ்சுல துணிவு வேணும். இதை முதல்லயே சொல்லிடுறேன். ஏன்னா இனிமே சொல்லப்போறது எல்லாம் புலம்பல்தான்.

கதைச் சுருக்கம் இதுதான். பம்பாய். யுதின்னு ஒருத்தர், நாப்பது வயசு தாண்டின பத்திரிகையாளர், உயர்சாதிக்காரர், தனிக்கட்டை. சர்ச்கேட் ஸ்டேஷன் கழிப்பறைப் பக்கத்துல பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தனைப் பாத்துக் கூட்டிட்டுப் போறார். பேரு மிலிந்த். காரியம் முடிஞ்சதும், 'இவன் காசு பிடுங்குற ஆளா இருப்பானோ'ன்னு பயந்து கழட்டி விட்டுடுறார். அதோட போச்சுன்னு நெனச்சா, 1992 டிசம்பர் 6ல பாபர் மசூதியை இடிக்கிறாங்க, பம்பாய் பத்திக்கிட்டு எரியுது. அந்த டிசம்பர்லயும் அடுத்த ஜனவரிலயும் சேத்து 900 பேர் செத்துப் போனதா பின்னாடி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் சொல்லிச்சு. யுதிக்குத் தூக்கம் போயிடுது. அந்தப் பையன் உயிரோட இருக்கானா? எங்க போய்த் தேடுறது? யாருகிட்ட கேக்குறது?

இந்த இடம் அட்டகாசம் மக்களே. கூடப் படுத்தவன் செத்துட்டானா பொழச்சானான்னு விசாரிக்க, அவன் வீடு எந்தப் பக்கம்னுகூடத் தெரியாம நிக்கிற ஒரு மனுசன். யாருகிட்ட விசாரிச்சாலும் 'நீங்க அவனுக்கு யாரு'ன்னுதான் முதல் கேள்வி வரும். அதுக்கு என்ன பதில் சொல்ல? ரகசியமா பழகின ஒவ்வொருத்தனுக்கும் இந்தப் பயம் தெரியும்.

அப்புறம் மிலிந்த் கிடைக்கிறான். தலித் பையன்னு தெரிய வருது. ரெண்டு பேரும் கொஞ்ச நாள் சேந்து இருக்காங்க, தங்களுக்குள்ள ஒரு கல்யாணம் மாதிரிகூட நடத்திக்கிறாங்க. பிறகு மாடலிங் கம்பெனி அது இதுன்னு மிலிந்த் காணாமப் போறான். கடைசில வீட்டுல பாத்து வச்ச பொண்ணோட அவனுக்குக் கல்யாணம். சுபம். இல்ல, அசுபம்.

இதுல எங்கடா ஏமாந்தேன்னு கேக்குறீங்களா? அதுக்குத்தான் கொசுவத்தி.

(கொசுவத்தி ஆன்)

1999. எனக்கு இருபத்திரண்டு. அப்பா உறையூர்ல சுருட்டு சுத்துறவர். எங்க வீட்டுச் சுவரு, தலகாணி, என் காலேஜ் சர்ட்டிஃபிகேட் எல்லாத்துலயும் புகையிலை வாசம் அடிக்கும். டிகிரி முடிச்சு வேலை கிடைக்காம, சனிக்கிழமை சனிக்கிழமை மாவட்ட மைய நூலகத்துல போய் உக்காந்திருப்பேன். வேலைவாய்ப்புச் செய்தி பாக்கப் போறதா வீட்டுல பேச்சு. உண்மையில ஃபேனுக்கு அடில உக்காந்து நாவல் படிக்கத்தான்.

அங்கதான் அவரைப் பாத்தேன். நாப்பத்து மூணு வயசு. ஸ்ரீரங்கத்துக்காரர், உத்திர வீதி. ஏதோ ஒரு அரசாங்க ஆபீஸ்ல வேலை. கல்யாணம் ஆகலை, வயசான அம்மாவோட இருந்தார். நான் கையில வச்சிருந்த தி.ஜானகிராமனைப் பாத்துட்டு, "இதை முடிச்சுட்டு எங்கிட்ட குடு, லைப்ரரியன்கிட்ட குடுத்துடாதே"ன்னார். அவ்வளவுதான் ஆரம்பம். சினிமால வர்ற மாதிரி ஃபேன் காத்துல பக்கமெல்லாம் புரளலை.

(ஸ்ரீரங்கம்னு சொன்னாலே 'சுஜாதா மாதிரி எழுதப் பாக்குறியா'ன்னு பின்னூட்டம் வரும். வராதுங்க. அந்த ஆளு ஒருத்தர்தான்.)

மூணு வருசம். ஒண்ணாம் நம்பர் பஸ்ல ஸ்ரீரங்கம் போயி, அம்மா மண்டபம் படித்துறைல உக்காந்து, தண்ணி இருந்தா தண்ணியையும் இல்லைன்னா மணலையும் பாத்துக்கிட்டுப் பேசுவோம். சில நாள் காவேரிப் பாலத்து மேல நடந்தே சத்திரம் வரைக்கும் வந்து என்னை பஸ் ஏத்தி விடுவார். மலைக்கோட்டைல விளக்கு எரிய ஆரம்பிச்சிருக்கும். பாலத்துல லாரி போறப்ப அதிருமில்ல, அப்ப மட்டும் என் முழங்கையைப் பிடிச்சுப்பார். லாரி போனதும் விட்டுடுவார். எத்தனை லாரி வருதுன்னு நான் எண்ணிக்கிட்டே நடப்பேன்.

அந்தக் காலத்துல தமிழ்ல இதுக்கு இருந்த ஒரே வார்த்தை ஓரினச்சேர்க்கை. அதுல சேர்க்கை மட்டும்தான் இருக்கு பாருங்க. லாரி எண்ணுறதுக்கு அதுல இடமே இல்ல.

எல்லாச் செலவும் அவருதான். பஸ் டிக்கெட், காப்பி, சினிமா, புத்தகம். நான் பையில கைய விட்டா, "உள்ள வை"ம்பார். இருபத்திரண்டு வயசுல அது பெருமையா இருந்துச்சு. பின்னாடி யோசிச்சா... அதை அப்புறம் சொல்றேன்.

ஒரு நாள் நல்ல மழை. உத்திர வீதில அவர் வீட்டு வாசல்ல ஒதுங்கினோம். ரேழி வரைக்கும் போனேன். உள்ளேர்ந்து அவர் அம்மா குரல்: "யாருடா அது?"

"ஒண்ணும் இல்லேம்மா. லைப்ரரில பாத்த பையன். புஸ்தகம் வாங்கிண்டு போக வந்திருக்கான்."

அந்தம்மா காப்பி கொண்டு வந்து திண்ணைல வச்சாங்க. நல்ல மனுசிதான், சிரிச்சாங்க. எந்த ஊருன்னு கேட்டாங்க, அப்பா என்ன பண்றாருன்னு கேட்டாங்க. சொன்னேன். குடிச்சு முடிச்சதும், "டம்ளரை அங்கேயே வெச்சுடுப்பா"ன்னாங்க. நான் அவரைப் பாத்தேன். அவர் தூணைப் பாத்துக்கிட்டு இருந்தார்.

நான் ஒண்ணும் கேக்கல. அவரும் சொல்லல. 2002ல எனக்கு சென்னைல வேலை கிடைச்சுது. "போ, போயிட்டு வா, உருப்படு"ன்னார். சண்டை கிண்டை எதுவும் இல்ல. ரகசியமா பழகுறதுல இது ஒரு வசதி. முடிஞ்சதா இல்லையான்னே தெரியாம முடிஞ்சிடும்.

(கொசுவத்தி ஆஃப்)

2004ல, அப்போ நுங்கம்பாக்கத்துல இருந்த லேண்ட்மார்க்ல இந்தப் புத்தகத்தைப் பாத்தேன். பின்னட்டையைப் படிச்சதும் கை நடுங்குச்சு. நாப்பது தாண்டினவர், சின்னப் பையன், சாதி, காசு. யாரோ எங்க கதையை எழுதிட்டாங்கடான்னு. அட்டையை உள்பக்கம் திருப்பி வச்சு, நடுவுல ஒரு கம்ப்யூட்டர் புத்தகம் சேத்து பில் போட்டேன். ரூம் மேட் தூங்கினதுக்கப்புறம் டார்ச் லைட்ல படிச்சேன். ரெண்டு ராத்திரி. முடிச்சிட்டு வந்தது பாருங்க ஒரு கடுப்பு!

மிலிந்த் எங்க? பக்கத்துக்குப் பக்கம் வர்றான், ஆனா இல்ல. அவன் பசியா இருக்கான், அவனுக்குக் காசு வேணும், துணிமணி வேணும். யுதியோட நண்பர்கள் முன்னாடி அவன் முழிக்கிறான். எல்லாம் சரி. ஆனா ராத்திரி யுதி தூங்கினப்புறம் முழிச்சுக் கிடந்து என்ன நெனச்சான்? இந்த ஆள்கிட்ட அவனுக்கு என்ன பிடிச்சுது? யுதி குடுத்த சட்டையைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போறப்ப அம்மாகிட்ட என்ன பொய் சொன்னான்? நான் அவர் வாங்கிக் குடுத்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் வீட்டுல ஒரு பொய் சொல்லியிருக்கேன். அதுலயே ஒரு நாவல் தேறும். ராஜ் ராவ் பெரும்பாலும் யுதியோட தோள்ல உக்காந்துக்கிட்டுத்தான் பையனைப் பாக்குறார். அங்கேர்ந்து பாத்தா உடம்பு தெரியும், ஏழ்மை தெரியும். ஆள் தெரிய மாட்டான்.

சாதி வர்ற இடத்துலயும் இதேதான். நம்ம மாதிரி ஆளுங்களும் ஒரு வகைல தீண்டத்தகாதவங்கதான்ங்கிற தினுசுல யுதி பேசுறார். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒதுக்கி வைக்கப்பட்டவன்னு யுதி தன்னைப் பத்தி வீட்டுக்குள்ள உக்காந்து சொல்லிக்கலாம். திண்ணைல டம்ளரை வச்சிட்டு எழுந்து வர்றவனுக்கு அதைச் சொல்லிக்கிற சௌகரியம் கிடையாது, அவனுக்கு அது வெறும் சனிக்கிழமை.

இது நையாண்டி நாவல், யுதியைக் கிண்டல் பண்ணத்தான் இப்படி எழுதியிருக்கார்னு அப்போ ஒரு நண்பன் வாதாடினான். ஒத்துக்குறேன். யுதியோட சுயநலத்தைப் பாத்து ராஜ் ராவ் சிரிக்கத்தான் செய்றார், நானும் சிரிச்சேன். ஆனா யுதியைப் பாத்துச் சிரிச்சிட்டா மிலிந்த் பேச்சைக் கேட்டதா ஆயிடுமா என்ன?

இது முதல் ஏமாத்தம்.

ரெண்டாவது ஏமாத்தம் போன மாசம் நடந்துச்சு. சென்னையை விட்டு ஊருக்கே திரும்பி வந்து வருசக் கணக்காச்சு. அப்பா இப்ப இல்ல. வீட்டுக்கு வெள்ளையடிக்க டிரங்குப் பெட்டியை நகத்தினப்போ கம்ப்யூட்டர் புத்தகத்தோட ஒட்டிக்கிட்டு பாய்ஃபிரண்டும் வெளிய வந்தான். எனக்கு இப்போ நாப்பத்தெட்டு. ஆபீஸ்ல பசங்க அங்கிள்ங்கிறாங்க. அப்பதான் உறைச்சுது, அடேய், நீ இப்ப மிலிந்த் இல்ல, யுதி வயசு! அன்னிக்கு ஓரவஞ்சனையாப் படிச்சிருப்போம், இந்தத் தடவை பெரியவர் பக்கம் நின்னு படிப்போம்னு ஆரம்பிச்சேன்.

நம்புங்க, இந்தத் தடவையும் ஏமாந்தேன்.

நாப்பது தாண்டினவனுக்குச் சின்ன வயசுக்காரன் மேல ஆசை வந்தா என்னென்ன நடக்கும்? கண்ணாடி பாக்குறதையே விட்டுடுவான். இவன் என்னிக்கு இருந்தாலும் போயிடுவான்னு தெரிஞ்சே காப்பி வாங்கிக் குடுப்பான். போகாம இருக்கணும்னு வேண்டிக்கவும் முடியாது, போனாத்தான் அந்தப் பிள்ளை உருப்படும்னு அவனுக்கே தெரியும். 'போ, உருப்படு'ன்னு சொல்லிட்டு அந்த மனுசன் ஒண்ணாம் நம்பர் பஸ்ல தனியா வீட்டுக்குத் திரும்பினப்போ எப்படி இருந்திருக்கும்? இதை எழுதியிருக்க வேண்டாமா? நாவல் இந்தப் பயத்துக்குக் கிட்டக் கிட்ட வருது. வந்ததும் ஒரு ஜோக் அடிச்சிட்டு ஓடிடுது. அழ வெக்கப்படுற ஆளு சிரிச்சுச் சமாளிப்பான் பாருங்க, அது மாதிரி. ஆக சின்னவனும் கிடைக்கல, பெரியவரும் கிடைக்கல. சர்ச்கேட்டும் கலவரமும்தான் மிஞ்சிச்சு.

சரி, வெளிநாட்டுக்காரங்க என்ன பண்றாங்கன்னு பாத்தா அங்க வேற மாதிரி ஏமாத்துறாங்க. ஆந்த்ரே அசிமான் 2007ல எழுதின 'கால் மீ பை யுவர் நேம்' நிறையப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பதினேழு வயசு எலியோ, இருபத்து நாலு வயசு ஆலிவர். 2017ல படமா வந்து, திரைக்கதைக்காக ஜேம்ஸ் ஐவரிக்கு ஆஸ்கர் கிடைச்சுது. அதோட தொடர்ச்சியா 2019ல 'ஃபைண்ட் மீ'னு ஒண்ணு எழுதினார். அதுல எலியோ வளந்து பியானோக்காரனா பாரிஸ்ல இருக்கான், ஒரு கச்சேரில மிஷேல்னு தன்னை மாதிரி ரெண்டு மடங்கு வயசுக்காரரைப் பாக்குறான். இதை எலியோவே சொல்றான், அதாவது சின்னவன் வாயாலயே. ஆகா, நமக்கு வேண்டியது கிடைச்சாச்சுன்னு உக்காந்தா, ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு முள்ளு கிடையாது, ஒரு முணுமுணுப்பு கிடையாது. ரெண்டு பேருக்கும் காசு இருக்கு, சங்கீதம் தெரியும், நல்ல ஹோட்டல் தெரியும். வயசு வித்தியாசத்தைப் பத்திப் பேசுறாங்க, பேசினதும் அது ஒயினோட கரைஞ்சு போயிடுது. பாதி வயசுப் பொண்ணோட எலியோவோட அப்பாவுக்கு வர்ற காதலும் அதே புத்தகத்துல இதே வழவழப்புதான். பம்பாய்க்காரர் சின்னவனைப் பேச விடல. பாரிஸ்காரர் பேச விட்டார், ஆனா சண்டை போட விடல.

இங்கதான் எனக்கு நம்ம ஊரு மட்டையடி ஞாபகம் வருது. ஸ்ரீரங்கம் பங்குனித் திருவிழா தெரியுமில்ல? ஆயில்யத்தன்னிக்கு நம்பெருமாள் காவேரியைத் தாண்டி எங்க உறையூருக்கு வர்றார். சோழ ராஜா பொண்ணு கமலவல்லி நாச்சியாரோட சேர்த்தி. அப்புறம் ஊருக்குத் திரும்பி, உத்திரத்தன்னிக்கு ரங்கநாயகித் தாயார் சந்நிதிக்குப் போனா, கதவு படார்! எங்க போயிருந்தீர், மோதிரம் எங்க, உடம்பெல்லாம் என்ன கீறல்னு கேள்வி மேல கேள்வி. பூப்பந்து, வெண்ணெய், வாழை மட்டை எல்லாம் பறக்கும். அவர் ஏதேதோ சாக்குச் சொல்லிப் பாப்பார். கடைசில நம்மாழ்வார் வந்து சமாதானம் பண்ணி வச்சாத்தான் கதவு திறக்கும், சேர்த்தி நடக்கும். சின்ன வயசுல எங்க தெருப் பொம்பளைங்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. உலகத்துக்கே பெரியவரை வாசல்ல நிக்க வச்சுக் கேள்வி கேக்குறாங்க, கேட்டுட்டுத்தான் சேத்துக்கிறாங்க.

ரெண்டு பேருல ஒருத்தர் பெரியவர், இன்னொருத்தர் சின்னவர்னா காதல் அங்க இருக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே மாட்டேன். நானே அதுல இருந்தவன். ஆனா சின்னவருக்கும் சாத்துறதுக்கு ஒரு கதவு வேணும். மிலிந்த்கிட்ட கதவே இல்ல, அதனால அவன் சொல்லாம கொள்ளாம ஓடிப் போறான். எங்கிட்டயும் இல்ல. அந்த டம்ளர் அன்னிக்கு, 'ஏன் சார் தூணைப் பாத்தீங்க'ன்னு நான் கேட்டிருக்கணும். கேக்காம சென்னைக்கு பஸ் ஏறினேன்.

இன்னொண்ணு. ஆங்கிலத்துல யாரைக் கூப்பிட்டாலும் ஒரே 'யூ'. அங்கதான் பாதி கதை வழுக்கிக் கீழ விழுந்துடுது. நிஜத்துல மராத்தி பேசுற பத்தொன்பது வயசுப் பையன் நாப்பது தாண்டின பத்திரிகைக்காரரை எப்படிக் கூப்பிட்டிருப்பான்? முதல் நாள் எப்படி, கோவம் வந்தப்போ எப்படி, போறப்போ எப்படி? அவர் என்னை நீ, வா, போ, டா. நான் அவரை நீங்க, வாங்க. மூணு வருசத்துல ஒரே ஒரு தடவைகூட 'நீ'ன்னு வாய்ல வரல. லாரி போறப்ப முழங்கையைப் பிடிச்சாரே, அப்பக்கூட "பாத்து வாங்க"ன்னுதான் சொல்லியிருக்கேன். தமிழ்ல வயசு, சாதி, காசு மூணும் அந்த 'ங்க'வுலதான் உக்காந்திருக்கு. அதை எழுதுற நாவலாசிரியர் இன்னும் வரலைன்னு நெனச்சிட்டிருந்தேன்.

அப்புறம் ஞாபகம் வந்துச்சு, காதல் கதையா இல்லைன்னாலும் ஒருத்தர் வந்துட்டுப் போயிட்டார். கரிச்சான் குஞ்சு. அசல் பேர் நாராயணசாமி. கு.ப.ரா. வச்சுக்கிட்ட புனைபெயர் கரிச்சான், அவர் மேல இருந்த பக்தில இவர் குஞ்சு. 1978ல வந்த 'பசித்த மானிடம்' நாவல்ல கணேசன்னு ஒரு அழகான ஏழைப் பையன். பெரிய மனுசங்க ஆதரவு குடுக்கிறாங்க, படிக்க வைக்கிறாங்க, அதுக்கு விலையா அவன் உடம்பை எடுத்துக்கிறாங்க. பின்னாடி குஷ்டரோகியா அவன் திரும்பிப் பாக்குறான். அது சின்னப் பிள்ளைக்கு நடந்த கொடுமை, எங்க கதை அது இல்ல. எனக்கு இருபத்திரண்டு, என் விருப்பம், என் சனிக்கிழமை. இருந்தாலும் பாருங்க, கே, க்வியர்னு ஒரு வார்த்தைகூட நம்ம ஊருக்கு வந்து சேராத காலத்துல ஒரு மன்னார்குடி வாத்தியார், வாங்கிக்கிட்டவன் பக்கம் நின்னு எழுதியிருக்கார். கை நீட்டி வாங்குறவன் மனசுல என்ன ஓடும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. பம்பாய் நாவலுக்கு வார்த்தை எல்லாம் கிடைச்சுது, கணேசன் கிடைக்கல.

முடிவா ஒண்ணு சொல்லிட்டுக் கிளம்புறேன்.

அவருக்கு இப்போ அறுபத்தொன்பது. அம்மா காலமானப்புறம் கோயமுத்தூர்ல தங்கை வீட்டோட போயிட்டார். வருசத்துக்கு ரெண்டு மூணு தடவை ஃபோன் பேசுவோம். 2018 செப்டம்பர் 6, சுப்ரீம் கோர்ட் 377ல நம்ம சங்கதியைக் குற்றம் இல்லைன்னு சொன்ன அன்னிக்கு அவரே கூப்பிட்டார். "டிவி பாத்தியோ?"ன்னார். "பாத்தேங்க"ன்னேன். "ம்"னார். வச்சிட்டார். அவ்வளவுதான் எங்க விடுதலைத் திருநாள்.

போன வாரம் புத்தகத்தை ரெண்டாம் தடவை முடிச்ச கையோட நான் கூப்பிட்டேன். கதையைச் சொன்னேன். பொறுமையாக் கேட்டார்.

"அந்தப் பெரியவன் எப்படி?"

"சுமார்தாங்க. தன்னைப் பத்தியே நெனச்சிட்டிருக்கான்."

"என்னை மாதிரியோ?"

எனக்குப் பதில் வரல. இருபத்து மூணு வருசமா சாத்தாத கதவை இப்பவாவது சாத்துவோம்னு, "மழை பேஞ்ச அன்னிக்கு நீங்க தூணைப் பாத்துக்கிட்டு நின்னீங்க"ன்னேன்.

ரொம்ப நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு ஃபோனை எடுத்துப் பாத்தேன்.

"டம்ளரை நான் வாங்கி உள்ள கொண்டு போயிருக்கணும்"னார். "அம்மாவுக்குப் பயந்துண்டேன். நாப்பத்து நாலு வயசுல அம்மாவுக்குப் பயந்துண்டேன். நீ ஏதாவது கேட்பேன்னு பாத்தேன். நீ கேக்கல. கேக்கலேங்கறதையே சௌகரியமா வெச்சுண்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்திட்டு, "ஒரு தடவையாவது உன்னைக் காப்பிக்குக் காசு குடுக்க விட்டிருக்கணும்டா. உன்கிட்ட ரெண்டு ரூபா இருந்துதுன்னு தெரியும் எனக்கு"ன்னார்.

மொத்த நாவல்லயும் எனக்குக் கிடைக்காதது இந்த நாலு வரில கிடைச்சுது. இதைத்தான் ராஜ் ராவ்கிட்ட எதிர்பாத்தேன் போல.

பங்குனி உத்திரத்துக்கு வர்றாராம், சேர்த்தி சேவிக்க. முழங்கால் வலி, கூட்டத்துல நிக்க முடியாது, "நீ கூட வா"ன்னு சொல்லியிருக்கார். போறேன். மட்டையடி பாத்துட்டு, கோபுர வாசல் பக்கம் ஒரு காப்பி. காசு நான்தான் குடுக்கப் போறேன், இப்பவே சில்லறை எடுத்து வச்சாச்சு.

'நீ'ன்னு கூப்பிட வருமான்னு தெரியல. வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு தடவை சொல்லிப் பாத்தேன். வெக்கமா இருந்துச்சு. பாப்போம்.

பி.கு. 1: இவ்வளவு திட்டினதுக்கப்புறமும் பாய்ஃபிரண்டைப் படிக்க வேண்டாம்னு சொல்ல மாட்டேன். முதல் நாப்பது அம்பது பக்கத்துக்காகவாவது படிங்க. புத்தகம் எங்கிட்ட இருக்கு, திருச்சிப் பதிவர்கள் யாராச்சும் கேட்டா இரவல் தர்றேன். திருப்பித் தரணும்.

பி.கு. 2: சின்னவன் பக்கத்துலேர்ந்து எழுதின, சண்டையும் உள்ள, தமிழ் நாவல் எதாவது கண்ணுல பட்டிருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. இல்லைன்னா நீங்களே எழுதுங்க. லாரி எண்ணிக்கை வேணும்னா நான் தர்றேன் :-)